டம்ளர் சத்தம் கேட்கும் தூரம்

எங்கள் வீட்டு கேட்டிலிருந்து தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை நூற்றுப் பத்து தப்படி. போகும்போது நூற்றுப் பத்து, களைத்துத் திரும்பும்போது நூற்றுப் பதினைந்து. ஒரு கோடை முழுக்க இதை எண்ணியிருக்கிறேன். நூற்றுப் பதினோராவது தப்படி வைக்க எனக்கு அனுமதி இல்லை. போகாதே என்று யாரும் சொல்லிவிடவில்லை. ஓர் எவர்சில்வர் டம்ளர்தான் அந்த எல்லையைப் போட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெருங்களத்தூரில், பஸ்ஸும் லாரியும் ஓயாத ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் புதுத் தெரு ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். தெரு என்று சொன்னால் ஏதோ வரிசையாக வீடுகள் இருப்பதாக நினைத்துவிடுவீர்கள். இருந்தவை மூன்று வீடுகள், பாதியில் நின்றுபோன ஒரு கட்டடம், மிச்சமெல்லாம் சீமைக்கருவேலம். மற்ற இரண்டு வீடுகளிலும் புருஷன் பெண்டாட்டி இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். காலை எட்டுக்குப் பூட்டு விழுந்தால் சாயங்காலம்தான் திறக்கும். எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர்: நான், என் கணவர், அவருடைய அம்மா. குழந்தை இல்லை. அந்தக் கதை இதில் வராது.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். புது வீட்டில் பால் காய்ச்சி எட்டாவது மாதம் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புரியும். உரக்கக் கூப்பிட மட்டும் வராது. அதற்கு என் கணவர் ஓர் ஏற்பாடு செய்தார். வலது கைக்கு எட்டும்படி ஒரு டம்ளரை வைத்து, "ஏதாவது வேணும்னா கட்டில் கம்பியில தட்டும்மா, அவ வந்துடுவா" என்றார். தானே ஒருமுறை தட்டியும் காட்டினார். "பெல் மாதிரி இல்ல?" என்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். காலை ஏழேகாலுக்குக் கிளம்பி, தாம்பரம் போய் எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்துப் பாரிமுனை ஆபீஸுக்குப் போகிறவர் அவர். அவர் வீட்டிலிருந்த நேரத்திலும் அந்த பெல் அவருக்காக அடித்ததே இல்லை.

ஒரே ஒரு தடவை அடித்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நல்ல ஜுரம். எழுந்திருக்க முடியவில்லை. அவர் பெட்பேனை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனார். அத்தை ஒரே கையால் புடவையைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்டா, பெத்த புள்ள கையால இது வேண்டாம்" என்று அழுதார். மத்தியானம் வரை அடக்கிக்கொண்டே கிடந்தார். கடைசியில் நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. வயது முப்பத்தைந்து. தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டர், ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு மாசம் டைம் தரேன். மாத்திரையோட தினம் முக்கால் மணி நேரம் நடக்கணும். குறையலைன்னா ஊசிதான்."

ஊசிக்கு நான் பயப்படவில்லை. என் அப்பாவுக்கும் சர்க்கரைதான். முதலில் கட்டைவிரல் போனது. அப்புறம் பாதம். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாம். கடைசி நான்கு வருஷம் அவர் பாத்ரூம் போக என் அம்மாவைக் கூப்பிடும் குரல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கால் போனால் நானும் ஒரு கட்டிலில் கிடந்து கம்பியைத் தட்ட வேண்டும். தட்டினால் ஓடி வர எனக்கு ஒரு மருமகள்கூடக் கிடையாது. டாக்டர் முன்னால் உட்கார்ந்து நான் நினைத்தது இது ஒன்றைத்தான்.

டாக்டர் விவரமாகத்தான் சொல்லி அனுப்பினார். "விடிகாலையில போங்க, இல்ல வெயில் தாழ்ந்தப்புறம். கிளம்பறதுக்கு முன்னாடி தண்ணி குடிங்க. காட்டன் புடவை கட்டுங்க. கேன்வாஸ் ஷூ போட்டா நல்லது. மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம நடக்காதீங்க. தலை சுத்தினா வெக்கப்படாம நிழல்ல உக்காந்துடுங்க." நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன்.

திமிரில் செய்யவில்லை. காலையில் நடந்தும் பார்த்தேன். அத்தை ஐந்தரைக்கு விழிப்பார், விழித்ததும் பெட்பேன். அது முடிந்து துடைத்து, புடவை மாற்றி, காப்பி கொடுத்துவிட்டு வெளியே வந்தால் எதிர்வீட்டு மோட்டார் ஓடும். ரேடியோவில் பக்திப் பாட்டு. இருபது தப்படி போனாலே டம்ளர் சத்தம் காதில் விழாது. உள்ளே அவர் தட்டிக்கொண்டிருந்து, நான் கேட்காமல் நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? ஒருநாள் அப்படித்தான் ஆனது. படுக்கை எல்லாம் நனைந்து, அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். சாயங்காலம் இன்னும் மோசம். கருவேலங்காட்டை ஒட்டிய காலி மனையில் எங்கிருந்தோ பையன்கள் வந்து கிரிக்கெட் ஆடுவார்கள். ரோட்டில் லாரிகள் வரிசை கட்டும்.

உச்சி வெயிலில்தான் ஊர் வாயை மூடிக்கொண்டது. பன்னிரண்டு மணிக்கு ஒரு காக்காகூடக் கத்தாது. அந்த நேரத்தில் அத்தை டம்ளரைத் தட்டினால் டிரான்ஸ்பார்மர் வரை தெளிவாகக் கேட்கும். ஒருநாள் அவரைத் தட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தப்படியாக நகர்ந்து நானே சோதித்துப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மரைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோட்டின் இரைச்சல் அதைத் தின்றுவிடும். ஆக, எனக்குக் கிடைத்த மைதானம் நூற்றுப் பத்து தப்படி. கிடைத்த நேரம் அத்தை சாப்பிட்டுப் படுக்கும் பன்னிரண்டிலிருந்து ஒன்று. என் சாப்பாடு அதற்கு அப்புறம்.

தண்ணீர் குடிக்காமல்தான் கிளம்புவேன். வெளியே போகும் பெண் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பக் கூடாது, வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று பாவாடை கட்டிய நாளிலிருந்து பழகியது. என் வீட்டு பாத்ரூம் நூற்றுப் பத்து தப்படியில் இருக்கிறது என்ற சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. புடவையும் அப்படித்தான். காட்டன் என்றால் அடுப்படியில் கட்டுகிற சாயம்போன புடவை. தெருவில் இறங்கினால் நைலக்ஸ் வேண்டாமா? பார்க்க ஓர் ஆள் இல்லாத தெருவுக்கு நான் பூப்போட்ட நைலக்ஸ் கட்டிக்கொண்டு போனேன். அது உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு சொட்டு வேர்வையைக்கூட வெளியே விடாது. புடவைக்குக் கீழே ஷூவா, ஊர் சிரிக்கும் என்று ரப்பர் செருப்பு. அது ஒவ்வோர் அடிக்கும் குதிகாலில் பட் பட்டென்று அடித்துக்கொண்டே வரும். வெயில் ஏறினால் தாரில் ஒட்டி, பிய்த்து எடுக்க வேண்டும்.

பத்து நாள் போனது. பிறகு டம்ளர் விளையாட்டு காட்ட ஆரம்பித்தது.

நான் டிரான்ஸ்பார்மரை எட்டி, அதன் மெலிந்த நிழலில் ஒரு நிமிஷம் நிற்பேன். உடனே, ணங், ணங். குடையை மடக்கிக்கொண்டு ஓடுவேன். மூச்சு வாங்க உள்ளே போய், "என்ன அத்தை?" என்றால், "ஒண்ணுமில்ல" என்பார். தண்ணீர் வேண்டுமா? வேண்டாம். திருப்பிப் படுக்க வைக்கட்டுமா? வேண்டாம். மறுபடி போய் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் மறுபடியும் ணங். தெருவின் நடுவில் நடந்துகொண்டிருக்கும்போது ஒருநாளும் தட்டியதில்லை. கடைசி முனையைத் தொட்டு நின்றதும்தான் தட்டுவார். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலிலிருந்து எங்கள் கேட்டும் முருங்கை மரமும் மட்டும்தான் தெரியும். நான் எங்கே நிற்கிறேன் என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ என்று வயிறு எரிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தும் என்னை நிம்மதியாக விடமாட்டேன் என்கிறாரே என்று தோன்றியது. அந்த நாட்களில் மனதுக்குள் நான் அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. செத்துத் தொலையக் கூடாதா என்றுகூட நினைத்தேன். நினைத்துவிட்டு அவருக்கு ரசம் சாதம் பிசைந்து ஊட்டினேன்.

நான் அங்கே ஏன் நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். களைப்பாற என்றுதான் முதலில் நின்றேன். டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம், ஒரு டயர் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு துண்டு தெரியும். தெற்கே போகும் பஸ்கள் அங்கேதான் நின்று ஆள் ஏற்றும். திண்டிவனம், விழுப்புரம், பாண்டிச்சேரி. போர்டைப் படிப்பேன். விழுப்புரத்தில் எனக்கு யாரையும் தெரியாது. அங்கே என்னைக் கட்டில் கம்பியில் தட்டிக் கூப்பிட ஒருவரும் இல்லை என்பது மட்டும் தெரியும். முதலில் ஒரு பஸ் போகும்வரை நின்றேன். பிறகு இரண்டு. மே மாதம் பிறந்தபோது மூன்று. ஒருநாள் கிளம்பும்போது பர்ஸை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். நடப்பதற்குப் பர்ஸ் எதற்கு என்று என்னை நானே கேட்கவில்லை. அதற்கப்புறம் தினமும் பர்ஸோடுதான் போனேன்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். அன்று காலையில் காப்பியும் மாத்திரையும்தான் உள்ளே போயிருந்தன. ஆறாவது சுற்றில் டிரான்ஸ்பார்மரை நெருங்கும்போது வேர்வை சட்டென்று நின்றுபோனது. நல்லதுதான், பழகிவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு புத்திசாலி நான். அடுத்து கை நடுங்கியது, பஸ் போர்டில் எழுத்து ஓடியது. குடை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. டிரான்ஸ்பார்மர் கம்பத்தடியில் மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பாதிக் கட்டடத்தில் செங்கலுக்கும் மணலுக்கும் காவலாக ஓர் அம்மாள் தங்கியிருந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்தான் ஓடிவந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, கட்டடத்துக்குள் இழுத்துப்போய்ச் சிமெண்ட் கோணி மேல் சாய்த்தார்.

"இன்னாமா நீ, இந்த வெயில்ல டெய்லி இங்கியும் அங்கியும் நடந்துகினு கீற? ஏதோ காத்து கருப்பு அடிச்ச பொம்பளன்னு நான் கிட்டயே வரல" என்று சொல்லிக்கொண்டே பானைத் தண்ணீரை என் தலையிலும் பாதத்திலும் ஊற்றினார். புடவைத் தலைப்பைத் தளர்த்திவிட்டார். "சாப்ட்டியா?" என்றார். நான் இல்லையென்று தலையசைத்ததும் ஒரு சொம்பில் உப்புப் போட்ட கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து வாயில் வைத்தார்.

இரண்டு மடக்கு குடித்திருப்பேன். ணங்.

எழப் பார்த்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. "குந்து" என்று அந்த அம்மாள் தோளை அழுத்தினார். ணங், ணங், ணங். வழக்கமாக மூன்று தட்டோடு நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. விடாமல், வேகமாக, கம்பியை உடைக்கிற மாதிரி. "மாமியார்... தனியா இருக்காங்க..." என்றேன். "கூப்டா கூப்டட்டும். நீ எழுந்தா செத்துப்பூடுவ" என்றார் அவர். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. செத்துத் தொலையக் கூடாதா என்று நினைத்தவள் நான்தானே. அந்த நினைப்பு பலித்துவிட்டது என்றே பயந்தேன். கூழை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அந்த அம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன். அன்று எத்தனை தப்படி என்று எண்ணவில்லை.

அத்தை பாதி உடம்பு கட்டிலிலும் பாதி வெளியிலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். வலது கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. டம்ளர் அறை மூலைக்கு உருண்டு போயிருந்தது. எழுந்து எட்டிப் பார்க்க முயன்றிருக்கிறார். நாங்கள் இருவருமாக அவரைத் தூக்கிப் படுக்க வைத்தோம். காவல்கார அம்மாள், "நல்ல வூடு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஈரத் தலை, புடவையெல்லாம் சிமெண்ட். அத்தை என் முகத்தையே பார்த்தார். அவருடைய வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

"நீ போயிட்டேன்னு நெனச்சேன்."

"நான் எங்க போவேன் அத்தை?"

"பஸ்ஸுக்கு."

அவர் மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "உன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். போகும். போய் நிக்கும். தினம் தினம் கொஞ்சம் ஜாஸ்தி நிக்கும். அங்கேருந்து பஸ் தெரியும். எனக்குத் தெரியாதா? என் கால் நல்லா இருந்தப்ப நானும் அங்கதானே போய் நின்னேன்." பிறகு, "நின்னா தட்டுவேன். தட்டினா வந்துடுவே" என்றார்.

இல்லை அத்தை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இடுப்பில் பர்ஸ் உறுத்தியது. அவருடைய கண் அங்கேதான் இருந்தது. மூலையில் கிடந்த டம்ளரை எடுத்துக் கழுவி, தண்ணீர் ஊற்றி நான் குடித்தேன். இன்னொரு டம்ளர் ஊற்றி அவருக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு டம்ளர் அடித்தது. வழக்கம்போல நான் போய் நின்றேன். "அவனைக் கூப்பிடு" என்றார் அத்தை. எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னார். என் கணவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே தூக்கக் கலக்கத்தோடு வந்தார்.

"இவ நடக்கப் போகணும்" என்றார் அத்தை. "நீ வை."

அவர் பெட்பேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் இறங்கியது. "எப்படி வைக்கணும்?" என்று அவர் என்னிடம் ரகசியமாகக் கேட்டார். எந்தப் பக்கம் கை கொடுத்துத் தூக்குவது என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்கு மேல் அங்கே நிற்பது அத்தைக்குச் செய்கிற கொடுமை என்று பட்டது.

காட்டன் புடவை கட்டினேன். ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். தண்ணீர் குடித்தேன். பரண் மேலிருந்து கணவரின் பழைய கேன்வாஸ் ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. பொண்ணுக்குப் பாதம் ஆம்பளைப் பாதமா இருக்கே என்று பெண் பார்க்க வந்தபோது அத்தை சொன்னது நினைவுக்கு வந்தது. சிரிப்பும் வந்தது. கடைசியாகப் பர்ஸையும் எடுத்துச் செருகிக்கொண்டேன். பழக்கம் என்று சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிந்தபோது டாக்டர் ஊசி வேண்டாம் என்றுவிட்டார். என் கால் இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன. அத்தை அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ஆனால் அந்த முதல் நாள் காலையில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

காற்று குளிர்ச்சியாக இருந்தது. ஷூ சத்தமே போடவில்லை. டிரான்ஸ்பார்மரைத் தாண்டினேன். நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு. டயர் கடை இன்னும் திறக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் போய் நின்றேன். விழுப்புரம் பஸ் வந்து என் எதிரிலேயே நின்றது. பாதி சீட் காலி. கண்டக்டர் கதவைத் தட்டிக்கொண்டே, "விழுப்புரம், விழுப்புரம், ஏறும்மா" என்றார். நான் படிக்கட்டைப் பார்த்தபடி நின்றேன். காது மட்டும் பின்பக்கம் போனது. டம்ளர் அடிக்கவில்லை. அங்கே நின்றால் அடித்தாலும் கேட்காது. "வர்றியா இல்லியா?" என்றார் கண்டக்டர். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் கொல்லைக் குழாயடியில் குனிந்து பெட்பேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தார். டம்ளர் கைக்கு எட்டாத ஸ்டூலில் இருந்தது. ஷூ போட்டிருந்ததால் நான் வந்து நின்றதே அவருக்குத் தெரியவில்லை.

"வந்துட்டேன் அத்தை" என்றேன்.

அவர் திரும்பாமலே, "ம்" என்றார். அப்புறம், "நாளைக்கும் போ" என்றார்.

நான் ஷூ லேஸை அவிழ்க்க உட்கார்ந்தேன். அந்த டம்ளர் மட்டும் இல்லாவிட்டால் என்றைக்கோ பஸ் ஏறியிருப்பேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அப்படி நம்புவதற்கும் வழியில்லாமல் போனது.